‘எதில் பெரியது?’: பொது அறிவு பழகத் தொடங்குபவர்களுக்கு

வடமாகாணத்தின் மிகப் பெரிய மாவட்டம் எது?

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி வைப்போம். இரணைமடுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் இருக்கும் சின்னக் கட்டடம் அது. ஒரு சனிக்கிழமை இந்தக் கேள்வியைக் கேட்டேன். என் தாளில் இருந்த விடை முல்லைத்தீவு. ஆறாம் தரத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி எழும்பி, யாழ்ப்பாணம் என்றாள். பிழை என்று சொல்லி அடுத்த பிள்ளையைப் பார்த்தேன். அவள் உட்காரவில்லை. “அக்கா, யாழ்ப்பாணத்திலதானே சனம் கூட? அப்ப அதுதானே பெருசு?” என்று கேட்டாள்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,617 சதுர கிலோமீற்றர். வடக்கின் ஐந்து மாவட்டங்களில் அதுவே அதிகம். யாழ்ப்பாணம் 1,025 சதுர கிலோமீற்றர்தான். ஐந்தில் அதுவே குறைவு. ஆனால் தலைகளை எண்ணத் தொடங்கினால் வரிசை கவிழ்ந்துவிடும். 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர் இருந்தார்கள். முல்லைத்தீவில் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். நிலத்தை அளந்தால் முல்லைத்தீவு முதலாவது, ஆட்களை எண்ணினால் கடைசி. பிள்ளையின் விடையில் பிழை இல்லை. என் கேள்வியில்தான் ஒரு சொல் குறைந்திருந்தது: ‘பரப்பளவில்’. அவளுக்கும் புள்ளி கொடுத்தோம்.

அன்றிலிருந்து நான் கேள்வி எழுதும் முறை மாறிவிட்டது. புதிதாகப் பொது அறிவு படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் சொல்லவேண்டியது அந்த விடுபட்ட சொல்லைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். அதனால் இதை எழுதுகிறேன்.

பொது அறிவு என்றால் விடைகளின் குவியல் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். மிகப் பெரியது, மிகச் சிறியது, முதலாவது, கடைசி என்று இரண்டு நெடுவரிசையில் எழுதிப் பாடமாக்குகிறோம். உண்மையில் ஒவ்வொரு தகவலிலும் மூன்று துண்டுகள் இருக்கின்றன: கேட்கப்படும் பொருள், அதை அளக்கும் கோல், கிடைக்கும் விடை. பாடமாக்கும்போது நடுத்துண்டைக் கைவிட்டுவிடுகிறோம். முதலும் கடைசியும் மட்டும் ஞாபகத்தில் நிற்கும். யாராவது கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டால் விடை கையை விட்டுப் போய்விடும்.

இது வன்னிச் சனத்துக்குப் புதிய விசயம் இல்லை. மாரி தொடங்கினால் சந்தியில், தேநீர்க் கடையில், பஸ்ஸில் எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: “குளம் எத்தனை அடி?” இரணைமடுவின் முழு மட்டம் இப்போது 36 அடி. அணைக்கட்டு ஓரம் நிற்கும் அளவுகோலில் தண்ணீர் தொட்டிருக்கும் கோடு அது. குளம் முழுவதும் 36 அடி ஆழம் என்று எந்த விவசாயியும் நினைக்கமாட்டார். அதே குளத்தை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஏக்கர் அடியில் சொல்வார். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி. ஏறத்தாழ 12 இலட்சத்து 33 ஆயிரம் லீற்றர். சிறுபோகக் கூட்டத்துக்குப் போனால் மூன்றாவது கணக்கு வரும்: இந்த முறை எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடலாம்? குளம் ஒன்று, அளவு மூன்று. எந்த அளவு எந்தத் தேவைக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். இதே தெளிவைப் பொது அறிவுக்கும் கொண்டுபோனால் போதும்.

எதை அளக்கிறோம்?

பூமிசாத்திரத்தில் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் எவரெஸ்ட். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அதுதான் உயரம். அடியிலிருந்து நுனி வரை அளந்தால் ஹவாயின் மௌனா கியா. கடலுக்கு மேலே அது 4,207 மீற்றர்தான், ஆனால் கடலடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து 10,000 மீற்றரைத் தாண்டும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்குவடோர் நாட்டின் சிம்பொராசோ. பூமி நடுவில் சற்றுப் புடைத்திருப்பதால், 6,263 மீற்றர் உயரமுள்ள அந்த மலையின் நுனி எவரெஸ்ட் நுனியைவிட மையத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீற்றர் கூடத் தள்ளி நிற்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. வன்னி உலர் வலயம் என்று நான்காம் ஐந்தாம் தரத்திலேயே படிக்கிறோம். லண்டன் என்றால் எப்போதும் மழை, குடை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். சரி, ஆண்டுக்கு எங்கே கூட மழை? லண்டனில் சராசரியாக 600 மில்லிமீற்றர் அளவில். வன்னியின் பெரும்பகுதியில் 1,200 மில்லிமீற்றருக்கு மேல்; மன்னார்க் கரையோரத்தில் அதைவிடக் குறைவு. உலர் வலயம் என்று பெயர் வாங்கிய எங்கள் நிலத்தில் லண்டனின் இரண்டு மடங்கு மழை பெய்கிறது!

பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. நம்ப முடியாததற்குக் காரணம், ‘உலர்’ என்ற சொல் எதை அளக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. இலங்கையின் ஈர வலயத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அதோடு ஒப்பிட்டுத்தான் நாங்கள் உலர். இன்னொன்று, எங்கள் மழை ஆண்டு முழுவதும் பரவி வருவதில்லை. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும், வடகீழ்ப் பருவக்காற்றோடு, பெரும்பங்கு ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு சோளகக் காற்றும் வெயிலும் மாதக்கணக்காக நிலத்தை உறிஞ்சும். லண்டனில் மழை கொஞ்சம் கொஞ்சமாகப் பன்னிரண்டு மாதமும் தூறும். வெயிலும் குறைவு, ஆவியாகிப் போவதும் குறைவு. மொத்த மழை ஓர் அளவு, மழை பெய்யும் நாட்கள் இன்னோர் அளவு, நிலத்தில் தங்கும் ஈரம் மூன்றாவது அளவு. இதைப் புரிந்துகொண்டால் வன்னியில் ஏன் இத்தனை குளங்கள் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும். நான்கு மாதத்து மழையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் வைத்திருக்கத்தான் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடு, பாலி ஆற்றை மறித்து வவுனிக்குளம்.

உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது என்ற கேள்விக்கும் இதே திறப்புத்தான். சகாரா என்று எழுதினால் ‘வெப்பமான’ என்ற சொல் வேண்டும். பாலைவனம் என்பதை அறிவியல் மழையால் அளக்கிறது; ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவு என்பது வழக்கமான எல்லை. மணலையோ சூட்டையோ அது பார்ப்பதில்லை. அந்தக் கோலை வைத்தால் 1 கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரந்திருக்கும் பனி நிலமான அந்தாட்டிக்காதான் முதலிடம்.

யார் எண்ணுகிறார்கள், எப்போது எண்ணினார்கள்?

கிளிநொச்சி வன்னியில் இருக்கிறதா? இந்தக் கேள்வியை எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் சிரிப்பார்கள். நாங்கள் இருப்பதே வன்னியில்தானே! ஆனால் வாக்குச் சீட்டு வேறு கதை சொல்லும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேரும். சனம் சொல்லும் வன்னிக்கு ஓர் எல்லை, தேர்தல் சட்டம் சொல்லும் வன்னிக்கு இன்னோர் எல்லை. பரீட்சையில் ‘தேர்தல் மாவட்டம்’ என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டால் ஒரு புள்ளி போய்விடும்.

அப்புறம், எப்போது? முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல். கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1984 இல். அதற்கு முன்னர் அச்சான பொது அறிவுப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதில் இலங்கையின் மாவட்டங்கள் 25 என்று இருக்காது. புத்தகத்தில் பிழை இல்லை, அது அந்தக் காலத்து உண்மை. கசகஸ்தானின் தலைநகர் அஸ்தானா. 2019 இல் அதன் பெயரை நூர் சுல்தான் என்று மாற்றினார்கள். 2022 இல் மறுபடியும் அஸ்தானா. எவரெஸ்ட்டின் உயரம்கூட நீண்ட காலம் 8,848 மீற்றர் என்றிருந்து, 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 மீற்றர் என்று அறிவித்தன. தகவலோடு ஆண்டையும் எழுதிவைப்பது நல்ல பழக்கம். பழைய தாளில் படித்ததை எங்கே திருத்தவேண்டும் என்று அது காட்டிவிடும்.

‘முதல்’ என்ற சொல் இன்னும் கவனமாகக் கையாளவேண்டிய ஒன்று. எவரெஸ்ட்டில் முதலில் ஏறியவர்கள் டென்சிங்கும் ஹிலாரியும், 1953 மே 29. முதற் பெண் ஜப்பானின் ஜுன்கோ தபெய், 1975. செயற்கை ஒக்சிசன் இல்லாமல் முதலில் ஏறியவர்கள் மெஸ்னரும் ஹபெலரும், 1978. மலை ஒன்று, ‘முதல்’ மூன்று. உலகின் முதற் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, 1960 என்பது எல்லோருக்கும் தெரியும். முதற் பெண் சனாதிபதி யார் என்று கேட்டால் இரண்டு பெயர் வரும். 1974 இல் கணவர் இறந்ததும் பதவிக்கு வந்தவர் ஆர்ஜென்டினாவின் இசபெல் பெரோன். சனாதிபதித் தேர்தலில் வாக்குகளால் முதலில் வென்றவர் ஐஸ்லாந்தின் விக்டிஸ், 1980 இல்.

எங்கள் கடலிலும் இப்படி ஒன்று உண்டு. பாக்கு நீரிணையை 1954 இல் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி. 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், அங்கிருந்து திரும்பியும் நீந்தி வந்தவர் வல்வெட்டித்துறை ஆனந்தன். எடுத்த நேரம் 51 மணி. ‘பாக்கு நீரிணையை நீந்தியவர் யார்?’ என்று மட்டும் கேட்டால் இரண்டு பெரிய மனிதர்களில் ஒருவரை மறைத்துவிடுகிறோம். ‘போகவரவா, ஒரு வழியா?’ என்ற ஒரு சொல் இருவருக்கும் உரிய இடத்தைக் கொடுக்கிறது. நிபந்தனையைக் கேட்பது நுணுக்கம் பார்ப்பதற்காக மட்டும் இல்லை, யாருக்கு எது உரியதோ அதை அவருக்கே கொடுப்பதற்கும்தான்.

விளையாட்டுச் சாதனைகளில் நிபந்தனை சட்டமாகவே எழுதப்பட்டிருக்கும். உசைன் போல்ட் 2009 இல் பேர்லினில் 100 மீற்றரை 9.58 செக்கனில் ஓடினார். அன்று அவர் முதுகுப் பக்கமிருந்து வீசிய காற்றையும் அளந்தார்கள்: செக்கனுக்கு 0.9 மீற்றர். அது 2 மீற்றரைத் தாண்டியிருந்தால் ஓட்டம் எவ்வளவு வேகமானாலும் உலக சாதனை ஆகியிருக்காது. முத்தையா முரளிதரனின் 800 விக்கெட் டெஸ்ட் போட்டிகளில் மட்டும். 2010 இல் காலியில் நடந்த தன் கடைசி டெஸ்டில்தான் அந்த 800ஐத் தொட்டார். ஒருநாள் போட்டிகளில் அவருடைய எண் வேறு, 534.

குசினிக்குள் இருக்கும் அளவுகோல்கள்

உணவுக் கேள்விகளில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது கச்சானில். கச்சான் ஒரு கொட்டை வகை என்று எழுதுவார்கள். கச்சான் தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும். மஞ்சள் பூ மேலே பூக்கும். பூ வாடியதும் காம்பு கீழே வளைந்து மண்ணுக்குள் இறங்கும். மண்ணுக்குள்தான் காய் முற்றும். பிடுங்கி உடைத்தால் கோதுக்குள் வரிசையாக விதைகள். உளுந்து, பயறு, கௌபி எல்லாம் இருக்கும் அதே அவரைக் குடும்பம். கடைக்காரர் முந்திரியையும் கச்சானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்பது அவருடைய அளவுகோல். தாவரவியலாளர் காய் எப்படி உருவாகிறது என்று பார்ப்பது வேறொரு அளவுகோல். தாவரவியல் கணக்கில் வாழைப்பழமும் தக்காளியும் பெர்ரி என்ற வகைக்குள் வரும், ஸ்ட்ரோபெரி வராது என்பதும் இப்படித்தான்.

பனை மரமா, புல்லா? இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டபோது வாசிகசாலையே அதிர்ந்தது. பனை மரம் என்றுதானே சொல்கிறோம்! தொல்காப்பியத்தின் மரபியல் இதற்கு அழகான அளவுகோல் ஒன்று வைத்திருக்கிறது: வெளிப்புறம் வைரம் பாய்ந்திருந்தால் அது புல், உட்புறம் வைரம் பாய்ந்திருந்தால் அது மரம். முதிரையை அறுத்துப் பார்த்த தச்சுத் தொழிலாளிக்கு இது உடனே விளங்கும். முதிரையின் வைரம் நடுவில். பனையை வெட்டினால் கறுத்த, இரும்பு போன்ற பகுதி ஓரத்தில் இருக்கும், நடுவில் சோறு போல மெதுவாக இருக்கும். அதனால்தான் வளைக்கும் சலாகைக்கும் ஓரத்தைப் பிளந்து எடுக்கிறோம். இன்றைய தாவரவியல் பனையை நெல், புல் ஆகியவற்றின் அதே குடும்பத்தில் வைக்கவில்லை, ஆனால் இவை எல்லாமே ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பெரும் பிரிவில் சேர்க்கிறது. இவ்வளவு பழைய நூல் ஒரு தாவரத்தை வகைப்படுத்த எதைப் பார்க்கவேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் பெயர் சூட்டுகிறது. எனக்கு அது பெரிய வியப்பு.

மிளகாய்க்கு வருவோம். மிளகாய் எங்கள் நாட்டுப் பயிர் என்றுதான் நினைப்போம். செத்தல் மிளகாய் இல்லாமல் வன்னியில் ஒரு கறி உண்டா? ஆனால் மிளகாய்ச் செடியின் தாய்நிலம் அமெரிக்கக் கண்டம். கொலம்பசின் பயணங்களுக்குப் பிறகு, போர்த்துக்கேயர் வழியாக இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன்னர் உறைப்புக்கு மிளகுதான். பெயரைப் பிரித்தாலே தெரியும்: மிளகு போல உறைக்கும் காய், மிளகாய். பாண் என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுப்போனது.

உலகின் மிக உறைப்பான மிளகாய் எது? 2023 இல் கின்னஸ் ஏற்றுக்கொண்டது ‘பெப்பர் எக்ஸ்’. அளவு 26 இலட்சத்து 93 ஆயிரம் ஸ்கோவில். அதென்ன ஸ்கோவில்? 1912 இல் அமெரிக்காவில் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் கண்டுபிடித்த முறை. மிளகாய்ச் சாரத்தைச் சீனித் தண்ணீரில் கலந்து, சுவைப்பவர்களுக்கு உறைப்பே தெரியாத வரைக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டே போவார்கள். எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தார்களோ அதுதான் எண். நாக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இப்போது கருவியால் உறைப்புப் பொருளையே அளந்து, அதைப் பழைய எண்ணுக்கு மாற்றுகிறார்கள். பெப்பர் எக்ஸ் என்று மட்டும் பாடமாக்கினால், இன்னொரு மிளகாய் வரும் நாளில் அந்த அறிவு காலாவதியாகிவிடும். ஸ்கோவில் எப்படி அளந்தார் என்று தெரிந்தவருக்குப் புதிய மிளகாயின் எண்ணும் பார்த்தவுடன் பொருள்படும்.

இசையில் ஏன் 72?

கர்நாடக இசையில் தாய் ராகங்கள் எத்தனை? 72. இது எல்லாப் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கும். ஏன் 72 என்று எந்தப் புத்தகமும் சொல்லி நான் பார்த்ததில்லை. ஏழு சுரங்களில் ச, ப இரண்டும் மாறாது. ம இரண்டு வகை. ரி, க இரண்டையும் சேர்த்து இணைக்கக்கூடிய வழிகள் ஆறு. த, நி இரண்டுக்கும் அப்படியே ஆறு. 2 × 6 × 6 = 72. இவ்வளவுதான். முதல் 36 ராகங்களில் ஒரு வகை ம, அடுத்த 36 இல் மற்றது. பெருக்கல் தெரிந்த பிள்ளை இனி இந்த எண்ணை மறக்கமாட்டாள்.

இதைவிட அழகு ராகங்களின் பெயரில் இருக்கிறது. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குள் ராகத்தின் இலக்கத்தை ஒளித்துவைத்திருக்கிறார்கள். கடபயாதி என்று அந்த முறைக்குப் பெயர். வடமொழி எழுத்து வரிசையில் க, ட, ப, ய ஆகிய நான்கிலிருந்தும் 1, 2, 3 என்று எண்ணவேண்டும். இசை பழகுகிறவர்கள் முதலில் படிக்கும் மாயாமாளவகௌளையை எடுப்போம். ப வரிசையில் ம ஐந்தாவது; ய வரிசையில் ய முதலாவது. 5, 1. திருப்பினால் 15. அது பதினைந்தாவது தாய் ராகம். மேசகல்யாணியில் ம 5, ச 6, திருப்பினால் 65. தீரசங்கராபரணம் போன்ற பெயர்களில் தமிழ் எழுத்தை மட்டும் வைத்து எண்ண முடியாது, ஏனென்றால் வடமொழியின் நான்கு விதமான த ஒலிகளுக்கும் நாங்கள் ஒரே த எழுதுகிறோம். தீரசங்கராபரணத்தில் வருவது நான்காவது த; ட வரிசையில் எண்ணினால் 9. ர 2. திருப்பினால் 29.

உலகின் மிக நீளமான தேசிய கீதம் கிரேக்கத்தினுடையது என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கவிதைக்கு 158 பத்திகள் உண்டு என்பது உண்மை. கீதமாகப் பாடுவது முதல் இரண்டை மட்டும். எழுதியதை அளக்கிறோமா, பாடுவதை அளக்கிறோமா என்று கேள்வியே சொல்லவேண்டும்.

எழுத்தை எண்ணுவது எப்படி?

அமெரிக்காவில் 1925 முதல் நடந்துவரும் ஸ்பெல்லிங் பீ என்ற எழுத்துக்கூட்டல் போட்டியில் 2019 இல் எட்டுப் பிள்ளைகள் ஒன்றாக வென்றார்கள்; சொற்களால் அவர்களைப் பிரிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் ஒலி ஒரு மாதிரி, எழுத்து இன்னொரு மாதிரி என்பதால் அப்படி ஒரு போட்டிக்கு இடமிருக்கிறது. தமிழில் சொன்னபடி எழுதலாம் என்போம். ஆனால் ன, ண, ந; ல, ள, ழ; ர, ற ஆகியவை வந்தால் நாங்களும் தடுமாறுகிறோம். எங்கள் ஊர்ப் பெயர்களையே எடுங்கள். ஆனையிறவு என்பதை ஆணையிறவு என்று எழுதிய தாள்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். இரண்டு சுழி ன போட்டால் யானை. மூன்று சுழி ண போட்டால் கட்டளை. யானைகளைக் கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோன இடம் என்ற கதையை ஒருமுறை சொல்லிவிட்டால் எழுத்து மாறாது. இரணைமடுவில் மூன்று சுழி ண. இரணை என்றால் சோடி, மடு என்றால் ஆழமான நீர்நிலை. பூநகரிக்கு அப்பால் கடலில் இருக்கும் இரணைதீவும் இரண்டு தீவுகள்தான். முல்லைத்தீவு? பெயரில் தீவு இருந்தாலும் அது தீவு இல்லை.

கிளிநொச்சிக்கு எத்தனை எழுத்து? கி, ளி, நொ, ச், சி, ஐந்து. போன் எத்தனை என்று எண்ணும்? பத்து. க ஒன்று, மேலே வரும் விசிறி ஒன்று என்று அது தனித்தனியாகக் கணக்கிடுகிறது. புதுக்குடியிருப்பு எங்களுக்கு 9, போனுக்கு 18. ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் 160 இடம் என்றால் தமிழுக்கு 70 இடம்தான் என்பதையும் சேர்த்தால், தமிழில் அனுப்பும் செய்தி ஏன் சீக்கிரம் இரண்டாகப் பிரிகிறது என்று விளங்கும்.

வேல்ஸ் நாட்டுக்காரருக்கும் இதே சிக்கல். ‘லன்வைர்’ என்று தொடங்கும் அவர்களுடைய ஊர்ப் பெயர் நீளத்துக்குப் புகழ்பெற்றது. 58 எழுத்து என்று உலகம் சொல்லும். ஆனால் வெல்ஷ் மொழியில் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதும் சில ஒலிகள் ஒரே எழுத்து. அவர்கள் எண்ணினால் 51. எங்கள் ‘கி’யை இரண்டாகப் பிரித்தால் எங்களுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும்.

பழகுவதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி மிகச் சின்னது. ஒரு தகவலைக் கொப்பியில் எழுதும்போது பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரே ஒரு சொல் எழுதவேண்டும்: பரப்பில், உயரத்தில், டெஸ்டில், 2012 இல், தேர்தலில். எந்தச் சொல்லும் எழுத வரவில்லை என்றால் அந்தத் தகவல் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை, தேடவேண்டும். ஒரு நாளைக்கு இருபது விடை பாடமாக்குவதைவிட இப்படி மூன்று எழுதினால் போதும்.

போன மாதம் அந்த ஆறாம் தரப் பிள்ளை தானே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வந்தாள். ‘எங்கள் ஊரில் மிகப் பெரிய மரம் எது?’ கீழே சிவப்பில்: ‘உயரம் இல்லை. நெஞ்சளவு உயரத்தில் கயிறு சுற்றினால்.’ காட்டு இலாகாவினரும் மரத்தை ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் அளப்பார்கள் என்று நான் சொல்லாமலே அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எல்லோருமாகக் கயிறு எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஆற்றோரத்து மருத மரம், பள்ளிக்கூடத்துப் புளிய மரம் எல்லாம் அளந்து எழுதிக்கொண்டு கடைசியாகக் கோயிலடி ஆலமரத்துக்கு வந்தோம். தாய் மரத்தை மட்டும் சுற்றுவதா, நிலத்தில் ஊன்றித் தடித்துப்போன விழுதுகளையும் சேர்த்துச் சுற்றுவதா என்று பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். பொழுதுபட்டுவிட்டது. வருகிற சனிக்கிழமை நீளமான கயிறு ஒன்று கொண்டுபோகிறோம்.